பாகான் டாலாம் விசில்

அந்தக் கைகள் கேசட்டைக் கவிழ்த்து வைத்துத் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தன. கழற்றிய ஒவ்வொன்றையும், கேசட்டில் அது எந்த மூலையில் இருந்ததோ அதே மூலையில், ஒரு பிஸ்கட் டின் மூடியில் வைத்தன. வலது கட்டைவிரல் மூட்டு வீங்கியிருந்தது. அதனால் கடைசித் திருகாணிக்கு இடது கையும் உதவிக்கு வர வேண்டியிருந்தது. நிமிர்த்தி மூடியைத் தூக்கியபோது, கறுப்பு நாடாச் சுருளின்மேல் உளுத்தமாவைத் தூவியதுபோல வெள்ளைப் பூஞ்சணம்.

பினாங்கில் இது புதிதல்ல. அலமாரியில் வைத்த தோல் செருப்புக்கே பூஞ்சணம் பிடிக்கிற ஊர். கைகள் சுருளை எடுத்துச் சுத்தமான வேறொரு கூட்டுக்குள் பொருத்தின. ஈரம் வாங்கும் பொட்டலங்கள் போட்ட டப்பாவுக்குள் அதைச் சில நாள் உலர விட்டன. பிறகு வீட்டுக்கு வெளியே, நடைபாதையில் வைத்திருந்த மேல்மூடியில்லாத பழைய வீடியோ மிஷினில் போட்டு மெல்ல ஓட விட்டு, உலர்ந்த துணியால் நாடாவைத் துடைத்தன. துணி வெளுக்க வெளுக்க மடிப்பை மாற்றிக்கொண்டே இருந்தன.

அந்த மிஷினுக்கு ஆர்தர் வைத்திருந்த பெயர் பலியாடு. அழுக்கெல்லாம் அதன் தலையில். உள்ளே, கணினிக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல மிஷினில் பூஞ்சணத்தின் வாசனைகூடப் படக்கூடாது. நாடாவைப் படிக்கும் அதன் தலை கெட்டால், மாற்று இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை.

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில், சாமான் அறையாக இருந்த சின்ன அறைதான் ஆர்தரின் பட்டறை. வேலைக்காலம் முழுவதும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் மின்பலகைகளை லென்சுக்கு அடியில் வைத்துப் பிழை பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு தன் தங்கையின் திருமண டேப்பைக் கணினியில் ஏற்றப்போய், படம் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமும் நடந்ததைப் பார்த்து, ஏன் என்று தேடத் தொடங்கினார். சொல்லித்தர ஆள் இல்லை. ஒவ்வொரு டேப்பும் ஒவ்வொரு விதமாகக் கெட்டது. தொழிற்சாலையில் லைன் தலைவி காமாரியா முதல் நாளே சொன்ன வார்த்தைதான் அவருக்கு இன்றும் விதி: கண்ணால் பார்க்காததற்கு ‘சரி’ போடாதே.

அந்த விதி அவரைக் களைப்படைய வைத்துவிட்டது. மூன்று மணி நேர டேப் என்றால் மூன்று மணி நேரம் ஓட வேண்டும். குறுக்கு வழி கிடையாது. யாரோ வீட்டுக் கல்யாணத்தில் யாரோ சாப்பிடுவதையும், யாரோ பிள்ளை கேக் வெட்டுவதையும், யாரோ பதிவு செய்த பழைய தீபாவளி நிகழ்ச்சியையும் அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். கண் எரிந்தது. இடுப்பு பிடித்தது.

“இதோட நிறுத்துங்கலா,” என்று மனைவி லீனா வாரம் ஒரு தரமாவது சொல்லுவாள். “நம்ம கல்யாண டேப்ப நீங்க இன்னும் பாக்கல. ஊரான் கல்யாணத்துல சாம்பார் ஊத்துறவன்கூட உங்களுக்கு மனப்பாடம்.”

நிறுத்தத்தான் முடிவு செய்திருந்தார். இந்தக் கேசட்தான் கடைசி என்று லீனாவிடம் வாக்கும் கொடுத்திருந்தார்.

அதைக் கொண்டுவந்தவள் சுபாஷினி. பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி ஏறி வந்திருந்தாள். பையிலிருந்து கேசட்டை எடுக்கும்போதே மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசினாள்.

“ஒரு கடையில குடுத்தேன் அண்ணே. கொஞ்ச நேரம் பாட்டு ஓடுது, அப்புறம் காலின்னு திருப்பிக் குடுத்துட்டாங்க.”

“காலின்னு தெரிஞ்சும் ஏம்மா கொண்டாந்த?”

“எங்கப்பா அதுல இருக்கணும் அண்ணே.”

அவளுடைய அப்பா சந்திரசேகரன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பல் தளத்தில் நின்று, வாயில் இரண்டு விரலை வைத்து விசிலடித்து, கிரேன்காரனுக்கு ஏற்று, இறக்கு, நிறுத்து என்று சொல்லுகிற வேலை. ஓய்வு நேரத்தில் அதே விசிலில் பாட்டு வாசிப்பார். ஒரு தைப்பூசத்துக்கு டிவியில் போட்ட கலை நிகழ்ச்சிக்காகக் கோலாலம்பூருக்குக் கூப்பிட்டுப் படம் பிடித்தார்கள். ஒளிபரப்பு தைப்பூசத்தன்று சாயங்காலம். ஆனால் அன்றைக்குப் பாகான் டாலாமில் யார் வீட்டில் இருப்பார்கள்? அவரே காவடி எடுத்துப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் இருந்தார். மொத்த லோரோங்கும், அந்தச் சந்து முழுவதும், கடல் தாண்டிப் போயிருந்தது. பக்கத்து வீட்டு நல்லம்மாள் மட்டும், பிள்ளைக்கு அம்மை போட்டிருந்ததால் கோயிலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். வீடியோ மிஷினும் அவள் வீட்டில்தான் இருந்தது. அவளிடம்தான் சந்திரசேகரன் புதுக் கேசட் ஒன்றை வாங்கிக் கொடுத்து, பதிவு செய்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

“திரும்பி வந்து போட்டுப் பாத்தா, பாதியில நீலத்திரை. டிவிக்காரன் வெட்டிட்டான் போலன்னு அப்பா விட்டுட்டாரு. நாங்க சும்மா இருப்பமா? தாத்தா விசிலடிச்சாரு, டிவியே நீலமாயிருச்சுன்னு பிள்ளைங்க கிண்டல் பண்ணும். அவரும் சிரிப்பாரு.” சுபாஷினி கேசட்டின் உறையைத் தடவினாள். “இப்ப சிரிக்கிறதில்ல அண்ணே. ஞாபகம் தப்புது. போன வாரம் என்கிட்ட கேக்குறாரு, ‘நான் நெசமாவே போனேனா, இல்ல நானா சொல்லிக்கிட்டேனா?’ன்னு. நான் என்ன சொல்றது? நானும் பாக்கலையே.”

ஆர்தர் கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். “கடைசி வரைக்கும் ஓடவிட்டாங்களாமா?”

“தெரியலையே.”

அந்தத் தெரியலையேதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

துடைத்து முடித்த நாடாவை நல்ல மிஷினில் போடுவதற்கு முன், பழக்கப்படி இரண்டு காரியங்கள் செய்தார். வெற்றிடம் வந்தால் நீலத்திரை காட்டும் வசதியை மிஷினில் அணைத்தார். நீலம் பொய் சொல்லும். மெலிந்த படத்தைக்கூட இல்லையென்று மறைத்துவிடும். சிக்னல் இல்லாவிட்டால் பதிவைத் தானாக நிறுத்து என்று கணினியில் இருந்த கட்டளையையும் எடுத்தார். கடைக்காரரின் கணினி எங்கே நின்றிருக்கும் என்று இப்போது அவருக்குப் புரிந்தது. வேகமாக ஓட்டிப் பார்க்கலாம்தான். ஆனால் பூஞ்சணம் தின்ற பழைய நாடாவை வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். சாதாரண ஓட்டம்தான். தானாக நிற்கும்வரை கை வைப்பதில்லை.

நிகழ்ச்சி ஓடியது. நடனம், ஒரு பேச்சு, மறுபடி நடனம். திரையில் மக்ரிப் பாங்குக்கான, மாலைத் தொழுகை அழைப்புக்கான, பள்ளிவாசல் படம் எட்டிப் பார்த்ததும் வெட்டு. அப்புறம் வெறும் புள்ளிகள்.

லீனா காப்பியோடு வந்தாள். “என்ன படம்?”

“எறும்புப் படம்.”

“கதாநாயகன் எப்ப வருவான்?”

“வந்தா சொல்றேன்.”

“வராட்டி?”

புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்தன. காப்பி ஆறியது. கீழே கார் நிறுத்துமிடத்தில் யாரோ நகராத காரைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடினால் இமைக்குள்ளேயும் எறும்பு. காலியாகத்தான் இருக்கும், கடைக்காரர் சொன்னது சரிதான், இந்த வயதில் நான் உட்கார்ந்து ஒன்றுமில்லாததைக் காவல் காக்கிறேன் என்று தோன்றியது. கை ஒரு தரம் மௌசுவரைக்கும் போனது. நிறுத்தினால் லீனாவோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிடலாம். அந்தப் பெண்ணிடம் ‘பார்த்துட்டேம்மா, இல்ல’ என்று சொல்லிவிடலாம். ஆனால் பார்த்ததாக எப்படிச் சொல்வது? கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

புள்ளிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. திரை உதறியது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், வாயில் இரண்டு விரலோடு, பாட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

“லீனா!”

விசில் அந்தச் சின்ன அறைக்குள் கூர்மையாக நுழைந்தது. மேலே ஏறி, ஒரு கணம் அங்கேயே நின்று, கிரேனிலிருந்து சரக்கு இறங்குவதுபோல அலுங்காமல் இறங்கியது. பாட்டு முடிந்ததும் கைதட்டல். அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “இப்படி விசிலடித்தால் கப்பல் வந்துவிடுமா?” வெள்ளைச் சட்டை கூச்சத்தோடு கையைத் துடைத்துக்கொண்டது. “கப்பல் வராதுங்க. கிரேன் வரும்.” மறுபடி கைதட்டல். “பாகான் டாலாம் சந்திரசேகரன்!” என்று பெயரைச் சொன்னார்கள். அடுத்த நடனம் வந்தது.

லீனா வாசலிலேயே நின்றுவிட்டாள். “பொழைச்சாரு போங்க,” என்றாள்.

நாடா முடிந்து தானாக நிற்கும்வரை ஆர்தர் அசையவில்லை. நின்ற பிறகும் அவருக்கு நிம்மதி வரவில்லை. விசிலில் ஒரு நடுக்கம் இருந்தது. பேச்சிலும் மேளத்திலும் நாடா கொஞ்சம் தள்ளாடினால் காது கண்டுபிடிக்காது. விசில் மெல்லிய ஒற்றைக் கோடு. தள்ளாட்டம் அப்படியே கேட்டுவிடும். நடுங்கியது மிஷினா, மனுஷனா? மறுநாள் நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையைத் துடைத்து, முழுக்க உலர விட்டு, ஒரு தரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை என்ற தன் விதியை மீறி அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓட்டினார். நடுக்கம் பாதி போய்விட்டது. மீதி போகவில்லை. மூன்றாம் தரமும் அதே இடத்தில், அதே அளவு. கணினியில் அதை நேராக்கிவிட ஒரு வழி இருந்தது. அவர் தொடவில்லை. அது சந்திரசேகரனுடைய பயம். கேமரா முன்னால் நின்ற முதல் நாளின் பயம்.

கடைசியாக, கேசட்டின் விளிம்பில் இருந்த சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைத்துப் போட்டார். இனி அதன்மேல் யாரும் எதையும் பதிவு செய்ய முடியாது.

சனிக்கிழமை ஃபெர்ரியில் போனார். கடல் காற்று முகத்தில் அடித்தும் தூக்கம் தெளியவில்லை. சுபாஷினி வாசலிலேயே காத்திருந்தாள். வீட்டுக்குள், டிவிக்கு எதிரில் போட்ட நாற்காலியில் சந்திரசேகரன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு உட்கார்ந்திருந்தார். பல் இல்லாத வாய். பக்கத்து வீட்டு நல்லம்மாளும் வந்திருந்தாள். சுபாஷினி வற்புறுத்திக் கூப்பிட்டிருக்க வேண்டும்; முகத்தைச் சுளித்துக்கொண்டு கதவோரமாக உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா, இவருதான் ஆர்தர் அண்ணன்.”

“கிடைச்சிச்சா?” என்றார் கிழவர். “நான் இருக்கேனா?”

“இருக்கீங்க ஐயா. பாட்டு ஆரம்பம் மட்டும் விட்டுப் போயிருக்கு. மத்தது முழுசா இருக்கு. பேரும் சொல்றாங்க.”

சந்திரசேகரன் சுபாஷினியைப் பார்த்தார். மறுபடி ஆர்தரைப் பார்த்தார். “டிவிக்காரன் வெட்டலையா?”

“இல்ல ஐயா. நடுவுல ரொம்ப நேரத்துக்கு ஒண்ணும் பதிவாகல. அதையும் வெட்டாம அப்படியே வச்சிருக்கேன். உங்க பாட்டு மட்டும் தனியாவும் இருக்கு. அந்த இடம் ஏன் காலியா இருக்குன்னுதான் எனக்கும் தெரியல.”

“அதுல தெரிய என்னா இருக்கு?” கதவோரத்திலிருந்து நல்லம்மாள் குரல் கொடுத்தாள். “பாங்கு போட்டான். அத எதுக்குப் பதியணும்னு ‘பாஸ்’ அமுக்கி மிஷின நிறுத்தி வச்சேன். நம்ம வீட்டுலயும் அதான விளக்கு வைக்கிற நேரம்? விளக்க ஏத்தி, பிள்ளைக்கு வேப்பிலய மாத்திட்டு வந்து பாத்தா, ரொம்ப நேரம் ‘பாஸ்’ல கெடந்து மிஷின் தானாவே முழுசா நின்னு போச்சு. டிவியில அண்ணன் வாயில கைய வச்சிட்டாரு! அவசரத்துல அங்கயே அமுக்குனா முன்னாடி பதிஞ்சது அழிஞ்சிருமோன்னு, கொஞ்சம் முன்னால ஓட்டிட்டு அமுக்குனேன்.”

கொஞ்சம் ஓட்டினாளாம். வேகத்தில் ஓட்டுகிற கொஞ்சம் எவ்வளவு நீளம் என்று ஆர்தரின் இடுப்புக்குத் தெரியும்.

“அத்தே!” சுபாஷினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “இத்தன வருசமா ஏன் சொல்லல?”

“யாரு கேட்டா? அம்மை வீடுன்னு கேட்டுக்கு வெளிய நின்னு கேசட்ட வாங்கிட்டுப் போனாரு உங்கப்பா. அப்புறம் வாயத் தொறந்து ஒரு வார்த்த? நல்லா வந்திச்சு நல்லம்மான்னு ஒரு வார்த்த? சரிதான், டிவியில வந்த பெரிய மனுசன், நம்மகிட்ட எதுக்குப் பேசணும்னு நானும் விட்டுட்டேன்.”

சந்திரசேகரன் கதவோரம் திரும்பினார். “இல்லம்மா,” என்றார். “பதியாமப் போச்சுன்னு நெனச்சேன். கேட்டா நீ சங்கடப்படுவேன்னுதான் கேக்கல.” பிறகு மெதுவாகக் கேட்டார்: “நீ பாத்தியா? நான் அடிச்சத நீ பாத்தியா?”

“பாக்காம? லோரோங்குல அன்னிக்கு நான் ஒருத்திதான பாத்தேன். கிரேன் வரும்னீங்களே அண்ணே. பிள்ளைக்கு அம்மைன்னுகூட மறந்து சிரிச்சேன்.”

கிழவரின் தோள்கள் தளர்ந்தன. இத்தனை நேரம் கழுத்துவரை இறுக்கியிருந்த பொத்தானைக் கை தேடிக் கழற்றியது.

ஆர்தர் அடுத்த ஃபெர்ரியைப் பிடிக்க வேண்டும். தூங்க வேண்டும். லீனாவுக்குக் கொடுத்த வாக்கு வேறு. பையிலிருந்து பழைய கேசட்டையும் ஒரு பென்டிரைவையும் எடுத்தார். கேசட்டைச் சுபாஷினியிடம் கொடுத்தார். பென்டிரைவை, குனிந்து, சந்திரசேகரனின் கையில் வைத்தார். ஒரு காலத்தில் கிரேன்களை நிறுத்திய அந்த இரண்டு விரல்களும் அதைப் பிடித்துக்கொண்டன.

“இதுக்குள்ளயா இருக்கேன்?”

“ஆமாங்க ஐயா. கடைசி வரைக்கும் பாத்துட்டேன்.”

சந்திரசேகரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கதவோரம் கையை நீட்டி, “நல்லம்மா, இந்தா, நீயே போடு,” என்றார்.