மெழுகுச் சிரிப்பு

கிறுக்காம்! பல்செட்டுக்காரருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதாம். டிபன் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு தனியாகப் பேசுகிறாராம். மாடிவீட்டுக்காரிக்கு வேறு வேலையில்லை. டப்பாவுக்குள் எட்டிப் பார்த்திருந்தால் அந்த வாய் மூடியிருக்கும்.

பல்செட் செய்கிற அவர் தொழிலில் முதலில் மெழுகில்தான் பற்களைப் பதிப்பார்கள். போட்டுக்கொள்கிறவர் அதை மாட்டி, கடித்து, சிரித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அப்புறம் அச்சில் வைத்துக் கொதிநீர் விட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் கெட்டி ஈறு வந்து உட்காரும். எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்குமுன் தாடையைப் பார்க்கிற மனுஷர் அவர்.

சம்சாரத்துக்கும் மேல்வரிசை ஒன்று மெழுகில் செய்தார். அந்த அம்மாள் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், கீழ்ப்பல் ஏறி மெழுகின் ஓரத்தில் தடம் பதிந்தது. "நாளைக்கு முடிச்சுத் தரேன்டி" என்றார். அந்த நாளை வரவேயில்லை. எப்போதும் அடுத்தவர் வாயே முந்திக்கொண்டது.

"ஊருக்கெல்லாம் பல்லு, எனக்கு மட்டும் மெழுகா? நீங்களே வெச்சுக் கடிங்க!" என்று அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு மகளின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

துரத்திவிட்டார் என்கிறார்களே, யார் பார்த்தது? அவள் போனபின் அதை முடிக்க ஒரு நாள் போதும். கை வரவில்லை. உருக்கினால் அந்தத் தடம் போய்விடும். அவள் சிரித்ததற்கு வீட்டில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். டப்பாவில் தண்ணீர் விட்டு அதை மிதக்கவைத்து, வெயில் நகர நகர டப்பாவை நிழலுக்கு நகர்த்திவைப்பார். "சுடுதாடி?" என்று கேட்பார். இதுதான் அந்தக் கிறுக்குப் பேச்சு. வெளியே எடுத்துப் போனாலும் குடை டப்பாவுக்குத்தான்.

போன வாரம் மகள் போன் செய்தாள். "அப்பா, அம்மா இன்னும் எல்லாத்தையும் கரைச்சுத்தான் குடிக்கறாங்க. வேற இடத்துல கட்டிக்கலாம்மான்னா, 'அந்த மனுஷன் கையாலதான் போட்டுப்பேன்'னு ஒரே பிடிவாதம்."

போனை வைத்தார். மெழுகு வரிசையை அச்சில் வைத்து, கொதிநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தார். மெழுகு உருகி, தடமும் சேர்ந்து ஓடி முடிகிறவரை கண்ணை எடுக்காமல் நின்றார்.

மறுநாள் உச்சிவெயிலில் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினார். டப்பாவில் இப்போது கெட்டிப் பற்கள். எந்த வெயிலும் இனி அதை ஒன்றும் செய்யாது.

"இந்த வெயில்ல எங்க கிளம்பிட்டீங்க?" மாடியிலிருந்து குரல் வந்தது.

"வீட்டுக்காரிக்குப் பல்லு மாட்டிவிட."

"அப்ப குடையைத் தலைக்குப் பிடிங்க, பெரியவரே!"

அவர் குடையை விரித்தார். வழுக்கைத் தலை வெயிலில் மின்ன, குடையை டப்பாவுக்கு மேலே சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்.