மாமா காட்டிய சிங்கப்பூர்

சீவிய ஐஸைக் குன்றுபோல் குவித்து, அதன் தலையில் சிவப்பும் பச்சையுமாகப் பாகு ஊற்றிக் கொடுத்த கிண்ணத்தில் கரண்டியை அடிவரை விட்டபோது, அவித்த பயறு வந்தது. பல் கூசும் குளிருக்கு நடுவே மாவாய்க் கரைந்த அந்தப் பயறு, எங்கள் கரிசல் காட்டுத் தட்டாம்பயறுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. பயறைத் தாளித்துத் தின்னாமல் ஐஸுக்கடியில் புதைத்து வைக்கிற ஊரும் உண்டா என்று நான் சிரித்த சிரிப்பில், பக்கத்து மேசைச் சீனக் கிழவரும் சேர்ந்து சிரித்தார். அதற்கு "ஐஸ் கச்சாங்" என்று பெயர் என்றார் மாமா. இரட்டைச் சடை போட்ட பதினொரு வயதுப் பெண் நான் அப்போது. அதுவரை கோவில்பட்டியை விட்டால் கழுகுமலை, மிஞ்சிப்போனால் திருச்செந்தூர், அவ்வளவுதான் நான் கண்ட உலகம்.

மாமா அம்மாவின் உடன்பிறந்த அண்ணன். இளவயதிலேயே சிங்கப்பூர் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டவர். என் அக்கா செல்வி பிறந்தபோது விடுப்பில் ஊருக்கு வந்திருந்தவர், தொட்டிலைப் பிடித்துக்கொண்டு, "இவ என் மகன் சரவணனுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்த ஒற்றை வார்த்தையை நம்பி, கடம்பூரிலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் வந்த நல்ல வரன்களையெல்லாம் வீட்டில் தட்டிக் கழித்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அக்காவுக்கு இருபத்து நான்கு முடிந்து தெருவில் "ஏறின வயசு" என்று பேச்சு கிளம்பியிருந்த சமயத்தில், அம்மா, அக்கா, நான் என்று எங்கள் மூவருக்கும் மாமா விமான டிக்கெட் அனுப்பினார். "சும்மா ஊரைச் சுத்திப் பாத்துட்டுப் போங்க" என்றுதான் போனில் சொன்னார். "டிக்கெட் எடுத்து அனுப்புதாருன்னா சும்மாவா இருக்கும்?" என்றாள் அம்மா. "நீ பேசி முடிச்சிட்டு வா, தட்டு மாத்த நான் வாரேன்" என்று அப்பா கடையிலேயே இருந்துகொண்டார். கடம்பூர் போளியும் கடலைமிட்டாயும், அவற்றுக்கு அடியில் அக்காவுக்கான புதுப் பட்டுப்புடவையுமாகப் பெட்டி நிறைந்தது.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிறவர்கள், பேச்சு முடிவாகும்வரை அந்த வீட்டில் சோறு தின்ன மாட்டார்கள். காப்பி குடிக்கலாம், முறுக்குக் கடிக்கலாம். இலை போட்டு உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று பொருள். சொந்த அண்ணன் வீட்டில் இதெல்லாம் எதற்கு என்று அக்காவே கேட்டாள். "அண்ணன் வீடுன்னு வந்திருந்தா செருப்பைக் கழட்டுனதும் சாப்பிட்டிருப்பேன். சம்பந்தி வீடுன்னுலா வந்திருக்கேன்" என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த அத்தைக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் கடைச் சாப்பாட்டில்தான் ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மாமாவுக்குத் தெரியும். தெரிந்தவர் வாயைத் திறக்காமல், வேளைக்கு ஒரு கடையாக எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். காலையில் சர்க்கரை தொட்டுத் தின்கிற பரோட்டா, அதை அங்கே "பிராட்டா" என்கிறார்கள். மதியம் வாழையிலையில், விழித்த கண்ணோடு, இலையை அடைத்துக்கொண்டு கிடந்த மீன்தலைக் கறி. இரவில் ஆவி பறக்கிற கோழிச்சோறு. நடுவில் பறவைப் பூங்கா, வாயிலிருந்து தண்ணீர் துப்புகிற சிங்கத் தலை மீன் சிலை, தானாகத் திறந்து தானாக மூடுகிற ரயில் கதவு. அந்தக் கதவுக்கு முன்னால் நின்று நான் பலமுறை காலை நீட்டி, காலை இழுத்து விளையாடினேன். ஊருக்குப் போனதும் வகுப்பில் அளக்கப் போகிற கதைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே திரிந்தேன். அத்தனை சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் எங்கும் திரிந்ததில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மாமா அதற்கு ஒரு ஊரையே எடுத்துக்கொண்டார். கம்பியில் தொங்கிப் போகிற வண்டியில் கடலுக்கு மேலே போகும்போது, "அண்ணே, நாங்க வந்த விஷயம்..." என்று அம்மா தொடங்கினாள். "கோமதி, அங்கன பாரு, எம்மாம் பெரிய கப்பலு!" என்றார் அவர். நான் கப்பலைப் பார்த்தேன். அம்மா அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அக்கா எதையும் பார்க்கவில்லை. சரவணன் அத்தான் வேலை முடிந்து தாமதமாகத்தான் வீடு திரும்புவார். முதல் நாள், "பிளேன்ல வந்தது சௌகரியமா இருந்துச்சா?" என்று அக்காவிடம் மரியாதைக்குக் கேட்டார். அந்தக் கேள்வியை அக்கா என்னிடம் எத்தனை தரம் திருப்பிச் சொன்னாளோ, எனக்கே சலித்துவிட்டது.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்காவை வீட்டில் விட்டுவிட்டு, மாமாவோடு அம்மாவும் நானும் தேக்கா சந்தைக்குப் போனோம். மீன் கடை முன்னால் அம்மா நின்றுவிட்டாள்.

"நாளைக்குப் பிளேன் ஏறணும். உங்க வீட்டுல இன்னும் ஒரு வாய் சோறு திங்கல. ஏன்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணே?"

"தெரியும் கோமதி. தெரிஞ்சுதான் வெளிய வெளிய கூட்டிட்டுப் போனேன்." மாமா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சரவணன் கூட வேலை பாக்குற பிள்ளையப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். தனி வீடு கிடைக்கதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காவ. நேர்ல வரச்சொல்லிச் சொல்லிரலாம்னுதான் டிக்கெட் எடுத்தேன். உன்னைக் கண்டதும் வாய் வரல."

அம்மா அழவில்லை, ஏசவும் இல்லை. ஒரு பெரிய மீனைக் கைகாட்டினாள்.

"இதை வாங்குங்க. மத்தியானம் வீட்டுல சாப்பிடுதோம்."

"கோமதி..."

"சம்பந்தந்தான் இல்லன்னு ஆயிட்டு. அண்ணனுமா இல்லாமப் போகணும்?"

மாமா சந்தை நடுவில் நின்று அழுதார். பெரிய ஆள் ஒருவர் அப்படி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, "மதினி, இன்னைக்கு இங்கனதான் எங்களுக்குச் சாப்பாடு" என்றாள். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அதில் கேட்க என்ன இருக்கிறது? முகம் கழுவி, பொட்டு வைத்து, பெட்டியின் அடியிலிருந்த பட்டைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். மீன் கழுவினாள், தேங்காய் அரைத்தாள், எந்த டப்பாவில் என்ன இருக்கிறதென்று அத்தையிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வைத்துக்கொண்டாள். அவள் பாட்டு முணுமுணுத்தது கூடம்வரை கேட்டது. எல்லாரும் உட்கார்ந்ததும் அத்தை கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, "நீங்க உக்காருங்கத்தை, நான் வைக்கேன்" என்றாள்.

முதலில் மாமாவுக்கு, அப்புறம் சரவணன் அத்தானுக்கு. அவர் தட்டில் மீனின் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். அவர் "தேங்க்ஸ்" என்றார். அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு எல்லாம் தெரியும், முள் எடுக்கிற சாக்கில் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அம்மா தலையைத் தூக்காமல், தட்டில் விழுந்ததையெல்லாம் பருக்கை மிச்சமில்லாமல் தின்றாள். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டாம்மா?" என்று அக்கா சிரித்துக்கொண்டே கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லக்கூட முடியாமல் அதையும் வாங்கித் தின்றாள்.

சாயங்காலம் உள்ளறையில் வைத்து அம்மா அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். அம்மா என்ன சொன்னாள் என்பது காதில் விழவில்லை. அக்கா பேசியது மட்டும் கேட்டது. "சோறு போடுததுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாம்மா."

மாமா இப்போது இல்லை, அம்மாவும் இல்லை. அந்த அடுக்குமாடியை இடித்துவிட்டார்களாம். கை நனைக்கிற வழக்கமும் எங்கள் பக்கம் மறைந்துகொண்டே வருகிறது. பெண் வீட்டாரும் பையன் வீட்டாரும் ஏதாவதொரு ஓட்டலில் உட்கார்ந்து நெய் ரோஸ்ட் தின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் போன் பண்ணுகிறார்கள். அதற்குப் பிறகு அக்காவுக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், ஒரு கட்டத்தில் வருவதும் நின்றது. பல வருஷம் புதியம்புத்தூருக்குத் தையல் வேலைக்குப் போய் வந்தாள். இப்போது கண் மங்கிப்போய் என்னோடு இருக்கிறாள்.

போன மாதம் என் மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. "நீங்க போயிருக்கீங்களாமே பெரியம்மா, அங்க என்ன பாத்தீங்க?" என்று அக்காவிடம் கேட்டாள். பறவைப் பூங்காவைச் சொல்வாள், ரயிலைச் சொல்வாள் என்று நானும் காத்திருந்தேன்.

அக்கா மங்கிய கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"ஒரு அடுப்படி பாத்தேன்ட்டி. நல்ல வெளிச்சமா இருக்கும்."