நாத்தனார் ஏற்றிவிட்ட எடை

அந்தத் தெருவில் யார் வீடு மாறினாலும் முதலில் தேடுவது வண்டியை அல்ல, கிரேனை. கிரேன் என்றால் பழைய இரும்புக் கடை வீட்டு மருமகள். பீரோவோ கட்டிலோ, "ஒரு கை பிடிம்மா" என்று கூப்பிடுவார்கள். அவள் பிடித்ததும் மற்றவர்கள் தங்கள் கையை மெதுவாக எடுத்துவிடுவார்கள். அவள் நாட்டுக்காக எடை தூக்குகிறவள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஓசியில் கிடைத்தால் வீராங்கனை என்றா பார்ப்பார்கள் நம் ஜனங்கள்?

கல்யாணமாகி வந்த புதிதில் கடையில் சரக்கு ஏற்றி இறக்கத்தான் நின்றாள். இரண்டு முனையிலும் பல்சக்கரத்தோடு ஒரு லாரி அச்சு வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை நகர்த்துவது எப்படி என்று ஆண்கள் கூடி ஆலோசனை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் விடிந்துவிடும் என்ற எரிச்சலில் அவள் அதை மார்பு வரை தூக்கி, "எங்க வைக்கணும்?" என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து எடை தூக்கும் பயிற்சியாளர் ஒருவர் தன் பயிற்சிக்கூடத்துப் பழைய இரும்புத் தட்டுகளை எடைக்குப் போட வந்திருந்தார். தட்டுகளைப் போடாமலேயே திரும்பிப் போனவர், மறுநாள் முதல் அவளையும் கூடத்துக்கு வரச்சொல்லிவிட்டார்.

"வந்த சரக்கும் போச்சு, இருந்த ஆளும் போச்சு" என்றாள் நாத்தனார்.

நாத்தனார் என்றால் கணவனின் அக்கா. கடைக்கும் அவள்தான் முதலாளி. தெருவில் அவளுக்குத் தராசக்கா என்று பெயர். கடை உத்தரத்தில் கொக்கியோடு தொங்கும் முள் தராசுதான் அவளுக்குச் சாமி, சொத்து, சொந்தபந்தம் எல்லாம். "என் நாக்கு பொய் சொல்லும், என் தராசு சொல்லாது" என்பாள். ஒருமுறை தகர வியாபாரி ஒருவர் முள்ளைச் சந்தேகப்பட்டார். தராசக்கா அவரையே சாக்கில் உட்காரவைத்துக் கொக்கியில் மாட்டி, அவர் எடையைத் தெருவுக்கே கேட்கும்படி படித்தாள். அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

கிரேனின் பெருமைக்கெல்லாம் ஒரு குறை உண்டு. நான்கு முறை வெளிநாட்டுப் போட்டிக்குப் போனாள், நான்கு முறையும் நாலாமிடம். அந்த லாரி அச்சைத் தராசு நூற்றிருபது கிலோ என்று காட்டும். அதைத் தினமும் காலையில் பல் துலக்குகிற மாதிரி தலைக்கு மேல் தூக்கி இறக்குவாள். மேடையில் ஏறினால் மட்டும் நூற்றுப் பதினெட்டோடு முழங்கால் கைவிட்டுவிடும். முதல் போட்டிக்குப் போனபோதே கணவன் பதக்கம் மாட்டச் சுவரில் ஓர் ஆணி அடித்திருந்தான். இத்தனை வருஷமாக அதில் குடை தொங்குகிறது. 

ஐந்தாவது போட்டி வந்தபோது எடை தூக்கும் சங்கத்தில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்கள். வயசு முப்பத்தாறு, இந்த முறையும் பதக்கம் இல்லையென்றால் இத்தோடு சரி. கிளம்புகிற நேரத்தில் பயிற்சியாளர் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பஸ் கண்டக்டரான கணவனுக்கோ மொட்டைமாடியில் துணி காயப்போட்டாலே தலை சுற்றும். விமானத்தின் பேச்சே எடுக்க முடியாது. பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரே ஆள் நாத்தனார், அதனால் பயிற்சியாளர் இடத்தில் அவளே கிளம்பினாள். சனியன் பிடித்தால் சும்மா விடாது என்று கிரேன் நினைத்துக்கொண்டாள்.

போட்டியன்று பயிற்சியாளர் போனிலேயே நாத்தனாருக்குப் பாடம் நடத்தினார். "குறைவா கேட்டவங்க முதல்ல தூக்கணும். கேட்ட எடையை ரெண்டு தடவை மாத்தலாம், அதுக்கு மேல முடியாது. பார்ங்கிற இரும்புத் தண்டுல ஏறின எடை இறங்காது. கடைசித் தூக்குக்கு நூத்திப் பத்தொன்பதுன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க. மூணாமிடம் வந்துடும்."

வாயை மூடும் பழக்கம் மட்டும் நாத்தனாரின் பரம்பரையிலேயே கிடையாது.

மூன்றாமிடத்தில் இருந்தவளுக்கும் ஒரு தூக்கு பாக்கி இருந்தது. அவளுடைய பயிற்சியாளர், கேட்கிற எடையை எழுதிக்கொள்ளும் மேசைக்கு வந்து நூற்றிருபது என்றார். நாத்தனாருக்குப் பழைய சரக்கு ஏலம் ஞாபகம் வந்துவிட்டது. ஏலத்தில் கடைசியாக வாய் திறந்தவருக்குத்தானே சரக்கு? நூற்றிருபத்தொன்று என்றாள். அவர் நூற்றிருபத்திரண்டு என்றார். இவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நூத்தி இருபத்தி நாலு" என்று மேசையைத் தட்டினாள். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே நகர்ந்தபோது, ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள்.

அவருடைய வீராங்கனை நூற்றிருபத்திரண்டைத் தோள் வரைக்கும் கொண்டுவந்து கீழே போட்டுவிட்டாள். நூற்றுப் பத்தொன்பது போதும் என்றிருந்த பதக்கம் இப்போது நூற்றிருபத்துநாலில் போய் உட்கார்ந்துகொண்டது. நாத்தனார் மேசைக்கு ஓடினாள்.

"கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார். கூடத்தான் சொல்லிட்டேன்."

"இது கடை இல்லம்மா" என்றார் மேசைக்காரர்.

திரும்பி வந்தபோது கிரேன் பலகையில் எண்ணைப் பார்த்துவிட்டிருந்தாள். கையில் தடவிய சுண்ணப்பொடி உதிர்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, என் குடியைக் கெடுத்துட்டீங்க. என்னால முடியாது."

நாத்தனார் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அவள் காதருகே குனிந்தாள்.

"முடியும். நம்ம கடைத் தராசு பொய் சொல்லும்மா."

"என்னது?"

"குறைச்சுக் காட்டும். வர்ற சரக்குல நாலு காசு நிக்கணும்னு நான்தான் முள்ளைத் திருப்பி வச்சேன். தினம் நீ தூக்குற அச்சு நூத்தி இருபது இல்ல. நூத்தி இருபத்தாறு. இதைவிட ரெண்டு கிலோ ஜாஸ்தி. போ, நேரம் ஓடுது."

கிரேனுக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை வருஷமாகத் தராசு தராசு என்று ஊரை மிரட்டினாளே, இந்தப் பாவி. அந்தக் கோபத்தோடே மேடை ஏறினாள், அந்தக் கோபத்தோடே குனிந்தாள். பார் தோளுக்கு வந்தபோது, அட, இது காலையில் தூக்குகிறதைவிடக் குறைவுதானே என்று தோன்றியது. முழங்கால் நடுங்க மறந்துபோனது. தலைக்கு மேல் பார் அசையாமல் நின்றது. நடுவர்களின் மூன்று விளக்கும் வெள்ளையாக எரிந்தன. வெண்கலம்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிவிக்காரர் மைக்கை நீட்டி வெற்றியின் ரகசியத்தைக் கேட்டார். சந்தோஷத்தில் கிரேனுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க கடைத் தராசு குறைச்சுக் காட்டும் சார், அதனாலதான்" என்று நாட்டுக்கே சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற நாத்தனார் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியபோது வாசலில் மாலைக்குப் பதிலாகச் சண்டை காத்திருந்தது. முன்னால் நின்றவர் தகர வியாபாரி. சாக்கில் தொங்கியதை அவர் மறக்கவில்லை. கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டார்கள். தராசக்கா ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்குச் சரக்கு வருவது நின்றது. பதக்கத்தை ஆணியில் மாட்டக்கூடக் கிரேனுக்கு மனசு வரவில்லை.

முள்ளையாவது சரிசெய்து வைப்போம் என்று பயிற்சிக்கூடத்திலிருந்து தட்டுகளை எடுத்து வந்தாள். முத்திரை குத்திய போட்டித் தட்டு, இருபத்தைந்து கிலோ. கயிறு கட்டிக் கொக்கியில் மாட்டினாள். முள் நேராக இருபத்தைந்தில் போய் நின்றது. இன்னொன்றையும் சேர்த்து மாட்டினாள். ஐம்பது. ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை.

"அக்கா, தராசு சரியாத்தானே இருக்கு?"

"என் தராசு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நான் ஏத்திவிட்ட எடை. நீ தூக்கணுமே."

"சரி, தூக்கிட்டேன். தெருவே வந்து திட்டுச்சே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே?"

நாத்தனார் பழைய குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள். "திறந்திருந்தா, அடுத்த போட்டியில நீ தூக்குவியா?"

கிரேன் குழாயை அவள் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள். நேரே தெருவுக்குப் போய்த் தகர வியாபாரியின் கையைப் பிடித்தாள். அவள் பிடித்தால் வராமல் இருக்க முடியாது. பின்னாலேயே தெருவும் வந்தது. எல்லார் கண்ணுக்கும் முன்னால் தட்டுகளை ஒவ்வொன்றாக மாட்டி, முள் காட்டியதை அவர் வாயாலேயே படிக்கவைத்தாள். பிறகு உள்ளே கிடந்த பதக்கத்தை எடுத்து வந்து, அந்தக் கொக்கியிலேயே மாட்டினாள்.

கூட்டம் கை தட்டியது. தராசக்கா நிமிர்ந்து முள்ளைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதை எடுத்துடு" என்றாள். "சரக்கோட எடையைக் கூட்டிக் காட்டும்."