சட்டியின் அடியில் ஒரு மாரி பிஸ்கட்

போன ஞாயிற்றுக்கிழமை தங்கையின் பேத்திக்குப் பிறந்தநாள். மேசை நடுவில் ஒரு பூச்சட்டி இருந்தது. கேக்தான். மாத்தளை டவுனில் புதிதாகத் திறந்திருக்கும் பேக்கரியில் சொல்லி எடுத்ததாம். மேலே மண்ணுக்குப் பதில் சொக்லட் தூள், அதில் இரண்டு சீனிப் பூ, பிள்ளையின் பெயரை அச்சடித்த ஒரு சீனித் தாள், அள்ளித் தின்ன மண்வெட்டி வடிவில் ஒரு பிளாஸ்டிக் கரண்டி. எல்லோரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். நான் மட்டும், கேக் தீர்ந்து வெறும் சட்டி மிஞ்சியதும், அதை எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன்.

"என்ன பெரியம்மா, வெல ஒட்டியிருக்கான்னு பாக்குறீங்களா?" என்று தங்கை மகள் சிரித்தாள். ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன் என்றால் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்பாள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். உங்களிடம் சொல்லலாம். நீங்கள் அந்தக் குடும்பமும் இல்லை, அந்தத் தெருவும் இல்லை.

அது பிளாஸ்டிக் சட்டி. அதற்கு வாசம் கிடையாது. புதுக் களிமண் சட்டியில் கேக் வேகும்போது வெனிலாவோடு சேர்ந்து மழை விழுந்த முற்றத்தின் வாசம் வரும். தொண்ணூறுகளின் கடைசியில், வெள்ளிக்கிழமை பின்னேரங்களில், எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு அந்த வாசம் இருந்தது. ஒன்று என் வீடு. மற்றது பக்கத்து வீட்டுச் சரோவுடையது.

சரோ என்னைவிட ஆறு வயது இளையவள். கலேவெலவில் கடை வைத்திருந்தவரின் மகள். அங்கே பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாததால் சிங்களத்தில் படித்தவள். அவளுடைய சிங்கள எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நான் கந்தோரில் டைப்பிஸ்ட். சிங்களம் நன்றாகப் பேசுவேன், வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். கேக் செய்யத் தேவையான மற்றதெல்லாம் என்னிடம் இருந்தது, கேக் சுடும் கரண்ட் அடுப்பான "அவன்" மட்டும் அவள் வீட்டில் இருந்தது. மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "சரோ, அவன் சூடாயிட்டானா?" என்று கேட்பேன். "இன்னும் இல்லக்கா, பத்து நிமிசத்துல சூடாயிருவான்" என்பாள். சரோவின் புருஷனுக்குக் கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா இதைக் கேட்டுவிட்டு இரண்டு கிழமை சரோவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. விஷயம் தெரிந்த அன்று அந்த அம்மாவும் எங்களோடு உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

பூச்சட்டி கேக் என் கந்தோர் பெரியவரால் வந்தது. சிங்களவர், தங்கமான மனுஷன், அந்தூரியப் பூப் பைத்தியம். அவருடைய அறை ஜன்னல் நெடுக அந்தூரியச் சட்டிகள். அவர் ஓய்வு பெறும்போது ஒரு கேக் செய்ய வேண்டும் என்றார்கள். "சட்டி மாதிரி செய்யிறதென்ன, சட்டியிலேயே சுட்டிடுவோமே அக்கா" என்று சொன்னது சரோ. அந்த யோசனை அவளுடையது. இதை நான் இப்போதும் மறைக்கவில்லை.

நாலந்தப் பக்கம் ரோட்டோரத்தில் சட்டிபானை விற்பவரிடம் சின்னச் சின்னச் சட்டிகள் வாங்கி வந்தோம். கழுவினோம், காய வைத்தோம், எண்ணெய்த்தாள் சுற்றி மாவை ஊற்றினோம். பூச்சட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கும் என்பதைப் படித்த பெண்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. தாளைத் தள்ளிக்கொண்டு மாவு முழுவதும் அவனுக்குள் ஒழுகிக் கருகி, சரோ ஒரு நாள் பூராவும் சுரண்டினாள். மறுநாள் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் எனக்குப் பளிச்சென்றது. கையிலிருந்த மாரி பிஸ்கட்டை எடுத்துச் சட்டிக்குள் போட்டேன். ஓட்டையை மூடிக்கொண்டு அளவெடுத்து வெட்டியதுபோல உட்கார்ந்தது. அந்த மூளை என்னுடையது. "இத யாருக்கும் சொல்லிராத" என்றேன். "செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்று சரோ தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். விளையாட்டுக்குத்தான்.

மேலே கேக் தூளால் மண், அதில் சிவப்பு ஐசிங்கில் அந்தூரிய இதழ், நடுவில் மஞ்சள் பூசிய கஜுப் பருப்பு. பெரியவர் வருவதற்கு முன்பே அவருடைய ஜன்னலில் மற்றச் சட்டிகளோடு வைத்துவிட்டோம். அதுதான் பிழையாகப் போனது. காலையில் சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பியோன் இதற்கும் ஒரு கோப்பை ஊற்றிவிட்டார். மண் கரைந்து பூ சாய்ந்ததும் அவர் போட்ட கூச்சலில் கந்தோரே ஓடி வந்தது. பெரியவர் அந்த நனைந்த கேக்கைக் கரண்டியால் அள்ளித் தின்றார். அவருடைய மருமகன் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் மனேஜர். சனிக்கிழமை தோறும் பன்னிரண்டு சட்டி வேண்டும் என்று அடுத்த மாதமே ஆள் வந்தது.

சட்டிகளைக் கொண்டுபோகும் வேலை என் கணவருக்கு. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர், பொய் சொல்லத் தெரியாதவர். அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தம்புள்ளை பஸ்ஸில் போவார். ஒருமுறை பக்கத்து ஆசனத்துச் சிங்கள அம்மா அந்தூரியக் கன்று ஒன்று தரமாட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். இது கேக் என்று இவர் விளக்க, அந்த அம்மா நம்பாமல் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாராம். வழியில் இருந்த சோதனைச்சாவடியில் ஆமிக்காரப் பையன்களுக்கு இவர் "கேக் மாத்தயா", அதாவது கேக் ஐயா. பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், சிரிப்பார்கள், போகச் சொல்வார்கள்.

சரோவின் எழுத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்ணெய்த்தாளைக் கூம்பாகச் சுருட்டி ஐசிங் நிரப்பி எழுதும்போது, ஒரு சொல் முடிந்து கையை எடுக்கும் இடத்தில் ஒரு சொட்டு மிஞ்சி நிற்கும். மற்றவர்கள் அதை ஊசியால் எடுத்துவிடுவார்கள். சரோ முத்து மாதிரி விட்டுவிடுவாள். எங்கள் தெருவில் யாருடைய பிறந்தநாள் கேக்கிலும் அந்த முத்துகள் இருக்கும். எழுதி எழுதி அந்தப் பழக்கம் பேனாவுக்கும் வந்துவிட்டது. கடைக்குச் சாமான் எழுதிக் கொடுக்கும் துண்டுத் தாளிலும் ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் ஒரு புள்ளி. "ஏன்டி, பேனாவுக்குள்ளயும் ஐசிங் ஊத்தி வச்சிருக்கியா?" என்று கேலி செய்வேன்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் இவரோடு சீகிரியாவுக்குப் போனோம். எங்கள் சட்டிகள் வெள்ளைத் துணி விரித்த மேசையில் வரிசையாக இருந்தன. பக்கத்தில் ஒரு அட்டை. மாத்தளை மிஸ்ஸிஸ் இன்னார் வீட்டில் செய்தது என்று ஆங்கிலத்தில் எழுதி, என் கணவரின் பெயரைப் போட்டிருந்தார்கள். சரோ குனிந்து வாசித்தாள்.

"என் பேரக் காணலியேக்கா" என்று சிரித்தாள்.

"மனேஜர் தெரியாம எழுதிட்டாரு. வாற கிழமை சொல்லி மாத்திடுறேன்."

வாற கிழமை சொல்லவில்லை. அதற்கடுத்த கிழமையும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், அதனால் அப்படிச் சொல்லமாட்டேன். அந்த அட்டையில் என் பெயர் தனியாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. சரோ அதைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம். மதிலுக்கு மேலால் என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

அது யுத்தத்தால் கண்டிப் பக்கம் கெடுபிடி கூடியிருந்த காலம். தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையை இரண்டு தரம் புரட்டிப் பார்த்த காலம். பெயர் போடாத ஒரு பெட்டிசக் கடிதம் போதும், யார் போட்டது என்று கேட்பாரில்லை. ஒரு சனிக்கிழமை அந்தச் சோதனைச்சாவடியில் பையன்கள் சிரிக்கவில்லை. கையில் ஒரு கடிதம் வைத்திருந்தார்கள். இவரை இறக்கி, பன்னிரண்டு சட்டிகளையும் ரோட்டோரத்தில் கவிழ்த்து, அடியால் கம்பி விட்டுக் குத்தினார்கள். ஓட்டை வழியாகத் தூள் கொட்டியது. இது என்ன தூள் என்று கேட்டார்கள். இவருக்குத் தெரியவில்லை. பிஸ்கட் விஷயத்தை நாங்கள் இவரிடம்கூடச் சொன்னதில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷன், தெரியாது என்ற உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

ஒன்பது நாள் பொலிஸில் வைத்திருந்தார்கள். அந்த ஒன்பது நாளும் சரோ என்னோடு வந்தாள். விடியக்காலையில் எழும்பி இவருக்குச் சோறு கட்டுவாள். பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவருவாள். பொலிஸ் வாசல் மர வாங்கில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். மாரியம்மனுக்கு நேர்ந்து தேங்காய் உடைத்தாள். என் சொந்தக்காரர்களே பயந்துபோய் எட்டிப் பார்க்காத நாட்கள் அவை. கடவுள் எனக்கு உடன்பிறவாத தங்கை ஒருத்தியைத் தந்திருக்கிறார் என்று நான் அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன். 

ஒன்பதாம் நாள் வயதான சார்ஜன் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். தூளைப் பரிசோதித்ததில் மாவும் சீனியும்தான் என்று வந்துவிட்டது, இன்றைக்கு விட்டுவிடுவோம் என்றார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து, "நோனாவுக்கு யாராவது எதிரி இருக்காங்களா? இது யார் எழுத்துன்னு தெரியுதா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் எழுத்துக் கூட்டத் தொடங்கினேன். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை.

"குடுங்கக்கா, நான் வாசிக்கிறேன்" என்று என் தோளில் ஒரு கையை வைத்து, மறு கையால் தாளைப் பிடித்துக்கொண்டு சரோ தமிழில் சொல்லத் தொடங்கினாள். "இந்த ஆளு கிழமைக்கு ஒருக்கா சீகிரியாவுக்குச் சட்டி கொண்டு போறாரு... சட்டிக்கு அடியில இருக்கிற ஓட்டைய உள்ளுக்கு வட்டமா ஒரு சாமான வச்சு மூடியிருக்காங்க... பாருங்கக்கா, எப்பிடி எழுதியிருக்கானுகன்னு."

வட்டமான சாமான். உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் அது தெரியும். அதில் ஒருத்தி நான். தாளைப் பார்த்தேன். எழுத்தை மாற்றி, சாய்த்து, கோணலாக எழுதியிருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் முடிகிற இடத்தில் ஒரு புள்ளி. நீல மையில் வரிசையாக முத்துகள். அவள் அடுத்த வரிக்கு வந்திருந்தாள், கண் அந்த வரியைத் தொடும் முன்பே வாய் அதைச் சொல்லிவிட்டது.

"தெரியுதா நோனா?" என்று சார்ஜன் மறுபடி கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். இவர் இன்னும் உள்ளே இருந்தார். பெயரைச் சொன்னால் இன்னொரு விசாரணை, இன்னும் எத்தனை நாளோ. அது ஒன்று. சரோவின் கை என் தோளில் இருந்தது, அது நடுங்கவே இல்லை. அந்தக் கையைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. அது மற்றது.

வீட்டுக்கு வந்த அன்று இவர் சரோவைக் கும்பிட்டார். "கூடப் பொறந்தவகூட இப்பிடி வரமாட்டாம்மா" என்றார். ஹோட்டல்காரர்கள் இனிச் சட்டி வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த மாதம் இவருடைய பிறந்தநாளுக்குச் சரோ கேக் கொண்டுவந்தாள். நூறு வருசம் நல்லா இருங்க என்று எழுதி, நாலு சொல்லுக்கும் நாலு முத்து வைத்திருந்தாள். இவர் ருசித்துச் சாப்பிட்டார். நான் எனக்குச் சீனி கூடாது என்று சொல்லிவிட்டேன். மதிலுக்கு மேலால் தலை நீட்டுவதையும் நிறுத்திக்கொண்டேன். ஏன் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. அதிலேயே எல்லாம் இருந்தது.

பிறகு அவர்கள் கனடா போனார்கள். போகும்போது அந்தப் பழைய அவனை என்னிடம் கொடுத்து, "அவனப் பத்திரமா பாத்துக்குங்கக்கா" என்று பழைய பகிடியைச் சொன்னாள். நான் மறுநாளே பழைய இரும்பு வாங்குகிறவரைக் கூப்பிட்டுத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். இவருக்கு அது பெரிய மனவருத்தம். கடைசிவரை சரோவைப் பற்றி நல்லபடியாகவே பேசினார். நான் சொல்லவில்லை. அந்த ஒன்பது நாளில் அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் அவள் கட்டிக் கொடுத்த சோறு, அதையும் ஏன் பறிப்பானேன்.

மூன்று வருடத்துக்கு முன் இவர் தவறிப்போனார். செய்தி கேட்டுச் சரோ கனடாவிலிருந்து போன் எடுத்தாள். "அண்ணன் போயிட்டாரா அக்கா" என்று அழுதாள். உண்மையான அழுகைதான், அதை நான் சந்தேகப்படவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன்.

"சரோ, சட்டிக்கு அடியில நாம என்ன வைப்போம்னு ஞாபகம் இருக்கா?"

அவள் மூக்கை உறிஞ்சுவது போனில் கேட்டது. 

"எந்தச் சட்டிக்கா?" என்று கேட்டாள்.

தெருவில் இருந்த எல்லோருடைய பிறந்தநாளையும் மனப்பாடமாக வைத்திருந்தவள். நான் போனை வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டிருந்தால் நானும் அந்த அட்டைக்காகக் கேட்டிருப்பேன். இரண்டும் கேட்க வேண்டியவைதான். இனி யாரிடம் கேட்பது?

அந்தச் சோதனைச்சாவடி இருந்த இடத்தில் இப்போது செவ்விளநீர் விற்கிறார்கள். சட்டிபானைக்காரர் பிளாஸ்டிக் வாளிக்கு மாறிவிட்டார். கேக்கில் பெயரை மெஷின் எழுதுகிறது, எல்லோருக்கும் ஒரே எழுத்து, ஒரு புள்ளிகூட மிஞ்சுவதில்லை.

பிறந்தநாள் முடிந்து கிளம்பும்போது தங்கை மகள் அந்தப் பிளாஸ்டிக் சட்டியைக் கழுவி எடுத்து வந்தாள். "வீசவேண்டாம் பெரியம்மா, கொண்டுபோய் ஏதாவது பூக்கன்று வைங்க."

"ஓட்டை இல்லையே. தண்ணி தேங்கி வேரு அழுகிடும்."

வீட்டுக்குக் கொண்டுவந்து, கம்பி ஒன்றை அடுப்பில் சூடாக்கி, சட்டியைக் கவிழ்த்துவைத்து நானே குத்தினேன். கம்பி லேசாக உள்ளே இறங்கியது. தூள் ஒன்றும் கொட்டவில்லை.