சோர்ஸ் இல்லாத ஒரு வரி

1. துருக்கியில் கெல்ட்டா?

ஃப்ரீமான்ட்டில், பள்ளிக்கூடப் பாடங்களைக் கம்ப்யூட்டர் விளையாட்டாகச் செய்து விற்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் டெஸ்ட் லீட். அடுத்தவர் வேலையில் பிழை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதையே வருடக்கணக்கில் செய்தால் புத்தி ஒரு மாதிரி ஆகிவிடும். கடையில் கறிவேப்பிலையை முகர்ந்து பார்க்காமல் வாங்க மாட்டேன். கணவர் ஃப்ரீவேயில் ட்ராஃபிக் என்று ஃபோன் செய்தால், சரி என்று சொல்லிக்கொண்டே மேப்பைத் திறந்து பார்ப்பேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

டெக்சாஸ் பள்ளிகளுக்காக, பழங்கால ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்ட்டுகளைப் பற்றி ஒரு பாடம் தயாராகிக்கொண்டிருந்தது. பாடத்தை டெலிவரி செய்யும் நாள் நெருங்கிய சமயத்தில் மேனேஜர் செந்தில் என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். கோயம்புத்தூர்க்காரர், சாதாரணமாகச் சத்தமாகப் பேசுகிறவர். அவர் குரலைத் தாழ்த்தினால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம்.

"உமா, நிலோஃபர் எழுதற கன்டென்ட்டைப் பார்த்தீங்களா? ஏஐ-ல போட்டு அப்படியே எடுத்து ஒட்டற மாதிரி இருக்குதுங்க. துருக்கில கெல்ட் இருந்தாங்கன்னு எழுதியிருக்குது. நீங்க ஒருக்கா செக் பண்ணிச் சொல்லுங்க. அப்படித்தான்னா கான்ட்ராக்டை இந்த மாசத்தோட கட் பண்ணிடலாம்."

நிலோஃபர் எங்களுடைய கான்ட்ராக்ட் எழுத்தாளர். மேலப்பாளையத்துப் பெண். பக்கத்து ஊரான டப்ளினிலிருந்து (அயர்லாந்து டப்ளின் இல்லை) கார் ஓட்டிக்கொண்டு வருவாள். அதிகம் பேச மாட்டாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். அதிகம் பேசாதவர்கள் மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு கண் உண்டு. சரி, பார்க்கிறேன் என்றேன்.

2. செக்கிங்

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். வகுப்பில் யாராவது "இது நிஜமா?" என்று கேட்கக்கூடிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சோர்ஸ் லிங்க் போட வேண்டும். எந்த வரிக்கு அந்தக் கேள்வி வரும் என்று முடிவு செய்வது எழுதுகிறவரின் பொறுப்பு.

துருக்கியிலிருந்து ஆரம்பித்தேன். உண்மைதான். பால்கன் பக்கமிருந்து கடல் தாண்டிப் போன சில கூட்டங்கள் இன்றைய அங்காராவைச் சுற்றிக் குடியேறியிருக்கின்றன. ஆஸ்திரியாவின் உப்புச் சுரங்கத்துக்குள் அந்தக் காலத்துத் தோல் செருப்பு மக்காமல் கிடைத்தது என்று எழுதியிருந்தாள். உப்புக்குள் செருப்பா, மாட்டினாள் என்று நினைத்தேன். அதுவும் உண்மை. கட்டம் போட்ட துணி உண்மை. பிரிட்டனில் வட்ட வீடு, ஐரோப்பாவின் உட்பகுதியில் பெரும்பாலும் நீள்சதுர வீடு என்று பிரித்து எழுதியிருந்ததும் சரி. கூரையில் புகை போக ஓட்டை வைப்பதில்லை, வைத்தால் காற்று இழுத்து நெருப்பு ஏறிவிடும், வைக்கோல் வேய்ந்த கூரை வழியாகவே புகை மெல்லக் கசிந்து போகும் என்பதற்கு, இன்று அதே மாதிரி வீடு கட்டிப் பார்த்தவர்களின் அறிக்கையையே லிங்க்காகப் போட்டிருந்தாள். கெல்ட்டுகள் என்பது ஒரு நாடு இல்லை, ஒரு ராஜாவின் குடிகளும் இல்லை, நெருங்கிய மொழிகள் பேசிய பல கூட்டங்கள் என்று முதல் பக்கத்திலேயே எச்சரிக்கையும் இருந்தது.

எல்லாம் இவ்வளவு ஒழுங்காக இருந்தால் எனக்குச் சந்தேகம் குறையாது, கூடும். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அப்போதுதான் இந்த வரி கண்ணில் பட்டது.

"அயர்லாந்தில் பிள்ளைகள் பலர் சிறு வயதிலேயே இன்னொரு வீட்டில் வளரப் போனார்கள். வளர்த்தவளையே செல்லமாக அம்மா என்று அழைத்தார்கள்."

பக்கத்தில் லிங்க் இல்லை. மொத்தப் பாடத்திலும் கேள்வி வரக்கூடிய வரியில் லிங்க் இல்லாதது இது ஒன்றுதான்.

செந்திலிடம் காட்டினேன். "சிக்கிடுச்சு பாருங்க," என்றார். "பெத்த புள்ளையைக் கொண்டு போய் அடுத்த வீட்டுல யாராச்சும் விடுவாங்களா? மெஷின்தான் இப்படி எழுதும்."

3. மீட்டிங் ரூம்

நிலோஃபரைக் கூப்பிட்டோம். கதவை மூடியதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

"இந்த வரி எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"அயர்லாந்தோட பழைய சட்ட நூல்கள்ல இருக்குக்கா. கொஞ்சம் பிந்தின காலம். அதனாலதான் எல்லா கெல்ட்டுன்னும் போடாம அயர்லாந்துன்னு மட்டும் போட்டேன். லிங்க் இப்பவே அனுப்புதேன்."

"மத்த எல்லாத்துக்கும் போட்டிருக்கே. இதுக்கு மட்டும் ஏன் போடலை?"

கொஞ்சம் யோசித்தாள். தப்பிக்கப் பதில் தேடுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"யாராவது கேள்வி கேப்பாங்கன்னு தோணுனா லிங்க் போடணும். இதுல கேக்குறதுக்கு என்ன இருக்குன்னு நெனச்சிட்டேன்க்கா."

"ஏம்மா, புள்ளையை அடுத்தவங்க வீட்டுல விடறதுல கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றார் செந்தில்.

"என் பிள்ளை மேலப்பாளையத்துல எங்க லாத்தாகிட்ட, கூடப்பிறந்த அக்காகிட்ட இருக்கா சார். கைக்குழந்தையா விட்டுட்டு வந்தோம். ரெண்டு பேரும் வேலைக்குப் போனாத்தான் இங்க நிக்க முடியும்னு இருந்துச்சு. இப்ப மூணு வயசு. லாத்தாவைத்தான் உம்மான்னு கூப்புடுதா. என்னைய ஃபோன் உம்மாங்கா."

மீட்டிங்கில் ஸ்டேட்டஸ் சொல்வது போலத்தான் சொன்னாள். செந்தில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

"கூட்டிட்டு வரலாம்னு இப்பத்தான் எல்லாம் ரெடி பண்ணியிருக்கோம்," என்றாள் நிலோஃபர். "இந்த வேலை இருந்தாத்தான் நடக்கும்."

"அந்த லிங்க்கை மட்டும் போட்டுடும்மா," என்றார் செந்தில், பழைய சத்தமான குரலில்.

லிங்க் வந்தது. சொன்னதை நம்பி விட்டுவிடுகிற ஆள் நான் இல்லை. திறந்து கடைசிவரை படித்தேன். அவள் எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி. பிழைப் பட்டியலில் 'சோர்ஸ் விடுபட்டது' என்று ஒரு பக் போட்டு, அதை நானே க்ளோஸ் பண்ணினேன். கான்ட்ராக்ட் நீண்டது.

இளைய டெஸ்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகப்படுவதை விடாதீர்கள், சோறு போடுவது அதுதான். ஆனால் ஒருவர் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தால், ரிப்போர்ட் எழுதும் முன் ஏன் என்று அவரிடமே கேளுங்கள். மறைப்பதற்காகவும் விடுவார்கள். தினமும் அதிலேயே வாழ்வதால் கண்ணில் படாமலும் விட்டிருப்பார்கள்.

குழந்தை வந்து சேர்ந்த வாரம், லஞ்ச் சமயத்தில் நிலோஃபர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"ராத்திரி பகலா உம்மா உம்மான்னு அழுதாக்கா," என்றாள். "லாத்தாவை ஃபோன்ல காட்டுனாத்தான் தூங்குதா."