குரங்குகள் மேல் போட்ட பழி

அன்று சர்வரை முடக்கியது குரங்குகள் அல்ல. நான்தான்.

இதை உங்களிடம் சொல்லிவிட முடிகிறது... ஏனென்றால் உங்களுக்குச் சாந்தி அக்காவைத் தெரியாது.

திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜ். அதன் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் நான். அறை முன்பதிவெல்லாம் மொட்டைமாடி அறையிலிருக்கும் ஒரு சர்வரில் ஓடுகிறது. அதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டால் போதும், எதையும் விலைக்கு வாங்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லி, நானே நிறுவினேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை. ஊரை ஒட்டிய வேங்கிக்காலில், என் வீட்டில் தோசை தின்றபடியே மடிக்கணினி வழியாகச் சர்வருக்குள் நுழைந்தேன். ஃபயர்வால் என்பது சர்வரின் வாசற்காவல். யாரையெல்லாம் உள்ளே விடலாம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் அதை இயக்க வேண்டும். ஆரம்பப் பாடம். நானோ எடுத்த எடுப்பில் காவலை இயக்கிவிட்டேன்!

திரை உறைந்தது. என் சர்வர் என்னையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. வரவேற்பறைக் கணினிகளையும்தான்.

ஆட்டோ பிடித்து ஓடினேன். கிரிவலத்துக்கு வந்த கூட்டம் பைகளோடு நின்றது. யாருக்கு எந்த அறை என்று தெரியாமல், வரவேற்பைக் கவனிக்கும் சாந்தி அக்கா எல்லோருக்கும் காபி கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். மாடிக்கு ஏறிச் சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து, விட்டுப்போன வரிகளைத் தட்டினேன். சரியாகிவிட்டது.

வெளியே வந்தால், முதலாளி மூச்சு வாங்க நிற்கிறார். கைப்பிடிச்சுவரில் குரங்குக் கூட்டம். ஒன்று கேபிளைப் பிடித்து ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது.

"இதுங்க வேலைதானாம்மா?"

"ஆமா சார்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல்... குரங்கு மறுத்துப் பேசப் போவதில்லை அல்லவா?

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதையெல்லாம் சொல்ல வந்திருக்கவே மாட்டேன். மறுநாள் சாந்தி அக்கா என்னைத் தேடி வந்தார்.

"நான்தான் டெய்லி மாடில இட்லி வெக்கிறேன். அதான் ஜாஸ்தியா வருதுங்க. மனசுல வெச்சுக்காதம்மா, இனிமே வெக்க மாட்டேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

"பரவால்லக்கா, விடுங்க" என்றேன்.

என் தவறுக்காக நான் இன்னொருவரை மன்னித்தேன்... அதுவும் பெருந்தன்மையாக!

அக்கா சொன்னபடியே நிறுத்திவிட்டார். குரங்குகள் பக்கத்து மாடிக்குக் குடிபோய்விட்டன. அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. அக்காதான் காலையில் மாடிப்படி வரை வந்து, சற்று நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்.

இப்போது நான் பிரசவ விடுப்பில் போகிறேன். சர்வரின் அடிப்படை வேலைகளை அக்காவுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார் முதலாளி. அக்கா கற்பூரம் போலப் பிடித்துக்கொள்கிறார். நேற்று ஃபயர்வால்.

"மொதல்ல நம்மள உள்ள விடச் சொல்லணும்க்கா. அப்புறம்தான் ஆன் பண்ணணும்."

"மாத்திப் பண்ணிட்டா?"

"நாமளே வெளிய நிப்போம். கீழ கம்ப்யூட்டர் எல்லாம் நின்னுடும்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "நீ எப்பனா அப்படிப் பண்ணியிருக்கியா?"

நானாகத் தேடியிருந்தாலும் இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்திருக்குமா...

"இல்லக்கா" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, சாந்தி அக்கா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, வரிசை தவறாமல் தட்டத் தொடங்கினார்.