படிக்கட்டில் சிக்கிய தியானம்

சபையில் அவரை 'அஞ்சரை' என்றுதான் சொல்வார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. காலை ஐந்தரை மணி அடித்ததும் சபைக் குழுவில் உள்ள அத்தனை பேரின் கைபேசியிலும் அவருடைய குரல் வந்து விழும். "அன்பானவர்களே, இன்றைய தியானம்" என்று ஆரம்பித்தால் நான்கு நிமிடம். ஒரு வசனம், அதற்கு விளக்கம், அன்றைக்கு விட்டுவிட வேண்டிய ஆசை ஒன்று, கடைசியில் குட்டி ஜெபம்.

இந்த ஊழியம் அவருக்குத் தற்செயலாக வாய்த்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் போதகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "ஒரு வாரம் மட்டும் தியானத்தை நீங்க அனுப்புங்க" என்று எழுதிக் காட்டினார். போதகரின் தொண்டை நாலாம் நாளே திறந்துவிட்டது. அஞ்சரை அதைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார். போதகரும் காலையில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கக் கிடைத்ததே என்று விட்டுவிட்டார்.

வீட்டில் மற்றவர்கள் விழித்துவிடக் கூடாது என்பதால் பதிவு நடப்பது குளியலறையில். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கைபேசியை சோப்புப் பெட்டியில் சாய்த்து வைத்துப் பேசுவார். அந்த அறைக்குள் குரல் சுற்றிச் சுற்றி வந்து, பெரிய மண்டபத்தில் பேசுவது போல் கேட்கும். "அண்ணனோட குரல்ல ஒரு அபிஷேகம் இருக்கு" என்று ஒரு சகோதரி எழுதியிருந்ததை அவர் வீட்டில் வாசித்துக் காட்டினார். கல்லூரியில் படிக்கிற மகள் பல் தேய்த்துக்கொண்டே, "அது அபிஷேகம் இல்லப்பா, டைல்ஸ்" என்றாள்.

பத்து மணிக்கு மேல் அதே குரலுக்கு வேறு வேலை. பதினெட்டு வருஷமாக அவர் ஒரு மெத்தைக் கடையில் விற்பனையாளர். மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "கையா தூங்கப் போகுது? படுத்துப் பாருங்க" என்பார். படுத்த பிறகு பக்கத்தில் நிற்க மாட்டார். மனசுக்குள் நூறு வரை எண்ணிக்கொண்டு தலையணை அடுக்கைச் சரிசெய்கிற மாதிரி நகர்ந்துவிடுவார். நூறு எண்ணுகிற வரை எழுந்திருக்காதவர்கள் வாங்காமல் போனதில்லை. பிறகு இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்ப்பார். கை சுலபமாகப் போய் வந்தால் மெத்தை அந்த உடம்புக்குக் கடினம். போகவே மறுத்தால் ரொம்ப மென்மை. கொஞ்சம் தடுத்து வழிவிட்டால் பில் போடலாம்.

காலையில் ஆசையை விடச் சொல்லிவிட்டுப் பகலில் சொகுசை விற்கிறோமே என்று அவருக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை. "தூக்கம் ஆண்டவர் குடுத்தது. அது ஆசைக் கணக்குல வராது" என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்.

அவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. இரண்டாம் மாடியில் அவருடைய அக்கா. கணவர் இறந்த பிறகு தனியாக இருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தம்பியின் தியானத்தை அக்கா மாதிரி யாரும் கேட்டதில்லை. தேதி போட்டு நோட்டில் எழுதுவார். விடச் சொன்னதை விட்டதும் பக்கத்தில் சிவப்பு மையால் சரி போடுவார். தம்பி சர்க்கரையை விடச் சொன்ன அன்று டீயில் சர்க்கரை நின்றது. வீண்பேச்சை நாற்பது நாள் விடச் சொன்னபோது, பழைய சிநேகிதிக்கு போன் போடுவதையே நிறுத்திவிட்டார். பத்தாம் நாள் அந்த அம்மாள் ஆள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க நேரிலேயே வந்துவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கடைக்குப் புது மெத்தை ஒன்று வந்தது. ஒரு முழம் உயரம். உள்ளே ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப்பைக்குள். ஒரு பக்கம் யானை ஏறினாலும் மறு பக்கம் அசையாது என்று கம்பெனிக்காரன் சொன்னான். மதியம் கடை காலியாக இருந்த நேரத்தில், சரக்கைத் தெரிந்துகொள்ள வேண்டுமே என்று அஞ்சரை செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்த்தார். மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார். முப்பத்தேழு வரை ஞாபகம் இருக்கிறது. முதலாளி வந்து எழுப்பியபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அவரைவிட இளையவரான முதலாளி கோபப்படவில்லை. "அண்ணே, வாங்குறவங்க மூஞ்சிதான் இப்படி இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரம் மல்லுக்கட்டினார். பிறகு ஊழியர் சலுகையில் தன் பெயரிலேயே ஒன்று எழுதிக்கொண்டார்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவியிடம் அவர் இதைச் சொன்னது வெள்ளிக்கிழமை.

"எனக்கு ஒண்ணும் இல்லங்க. நல்லாத்தான் இருக்கும். ஆனா இந்த வாரம் தியானத்துக்கு என்ன தலைப்பு வச்சிருக்கீங்க?"

அவர் தலையணை உறையைச் சரிசெய்தார். "உலக ஆசைக்கு ஏழு பூட்டு."

"நாளைக்கு எத்தனாவது பூட்டு?"

"ஆறு."

"சரி. ஆறாவது பூட்டைப் போடுறதுக்கு முன்னாடி மெத்தை உள்ள வந்துடுமா, இல்ல பூட்டைப் போட்டுட்டுத் திறக்கணுமா?"

அவர் சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு வண்டி வரச் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் அக்காவும் கட்டடத்தில் இருக்கிற மற்ற சபைப் பெண்களும் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்காக ஆலயத்துக்குப் போயிருப்பார்கள். யார் கண்ணிலும் படாமல் மெத்தை மேலே ஏறிவிடும். திட்டம் கச்சிதமாகத்தான் இருந்தது. ஆலயத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்பதும், ஜெபக்கூட்டத்தை அக்காவின் வீட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்பதும் மட்டும் அவருக்குத் தெரியாது.

வண்டி வந்தது. கடையின் டிரைவரும் சுமைக்காரரும் கீழிருந்து தள்ள, அஞ்சரை மேல்படியில் நின்று இழுத்தார். முதல் மாடி தாண்டியது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் மெத்தை கைப்பிடிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. ஸ்பிரிங் மெத்தை. மடிக்க முடியாது. அக்கா வீட்டு வாசலை அது மேலிருந்து கீழ்வரை அடைத்துக்கொண்டு நின்றது.

"அண்ணே, மேலயும் போகல, கீழயும் வரல" என்று சுமைக்காரர் சத்தமாகச் சொன்னார்.

"மெதுவாப் பேசுப்பா" என்று இவர் மேலிருந்து கிசுகிசுத்தார்.

அந்த நேரம் பார்த்து அக்கா கதவைத் திறந்தார். எதிரே படி இல்லை. வெள்ளையாக ஒரு சுவர், அதன்மேல் பிளாஸ்டிக் உறை. அவருக்குப் பின்னால் பதினோரு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். உறையில் ஒட்டியிருந்த சீட்டில் வாங்கியவர் பெயரும் மாடி எண்ணும் கொட்டை எழுத்தில் இருந்தன. அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கி நிதானமாக வாசித்தார். உள்ளே போய்க் கைபேசியை எடுத்து வந்தார்.

மறு நிமிடம் மெத்தைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அஞ்சரைக்குத் தன் குரலே கேட்டது, குளியலறை எதிரொலியோடு.

"அன்பானவர்களே, ஆறாவது பூட்டு வாசலுக்கு. இன்றைக்கு உங்கள் வாசலில் ஒரு ஆசை வந்து நிற்கும். அழகாக உடுத்திக்கொண்டு வரும். நான் இல்லாமல் உனக்குத் தூக்கம் வராது என்று சொல்லும். நம்பாதீர்கள். கதவைத் திறக்காதீர்கள். அது உங்கள் வழியையே அடைத்துக்கொள்ளும்."

"ஆமென்" என்றார்கள் பதினோரு பேரும் ஒரே குரலில்.

டிரைவர் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளேயிருந்தும் சிரிப்பு வெடித்தது. ஓடிவிடலாம் என்றால், கீழே போகும் வழியையும் மெத்தைதான் அடைத்திருந்தது.

"அக்கா..." என்றார்.

"சொல்லுங்க, அன்பானவர்களே."

"ஆசையா இருந்துச்சுக்கா. கடையில படுத்துப் பாத்தேன். விட முடியல."

"இதை மட்டும் ஒருநாள் காலையில சொல்லியிருந்தா, நோட்டுல அடிக்கோடு போட்டு எழுதியிருப்பேன்டா" என்றார் அக்கா.

சுமைக்காரர் வழி கண்டுபிடித்தார். வாசலுக்கு நேராகத்தான் சிக்கியிருக்கிறது. நேராக அக்கா வீட்டுக்குள் தள்ளி, உள்ளே வைத்துத் திருப்பி, நிமிர்த்தி வெளியே கொண்டுவந்தால் மேலே போய்விடும். பெண்கள் நாற்காலிகளோடு ஓரமாக ஒதுங்கினார்கள். முன்னறையில் திருப்ப இடமில்லை. "படுக்கையறைக்குள்ள விடுங்க" என்று யாரோ சொன்னார்கள். அக்கா மட்டும், "அங்க வேணாம், அங்க வேணாம்" என்றார். அதற்குள் மெத்தை பாதி நுழைந்துவிட்டது. பின்னாலேயே அஞ்சரையும் நுழைந்தார்.

ஒரே கட்டடத்தில் இருந்தும் அந்த அறைக்குள் அவர் வந்து வருஷக்கணக்காகியிருந்தது. வந்தால் முன்னறையில் டீ குடித்துவிட்டுப் போவதோடு சரி. கட்டில்மேல் மெத்தை இல்லை. தரையில் ஒரு பாய், தட்டையான தலையணை, ஒரு வெந்நீர்ப் பை, கால் பாகம் மிச்சமிருந்த வலித் தைலம்.

"கட்டில் மெத்தை எங்கக்கா?"

"குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

அக்கா நோட்டை எடுத்துப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். 'மெத்தென்ற படுக்கையை விடு. உடம்பு கேட்பதையெல்லாம் கொடுத்துப் பழக்காதே.' பக்கத்தில் சிவப்புச் சரி. போன வருஷத் தேதி.

அந்தத் தேதி அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மகளைக் கல்லூரியில் சேர்க்க விடுப்புக் கேட்டு முதலாளி கொடுக்காத வாரம் அது. மெத்தை என்ற வார்த்தையே கசந்த வாரம். அந்த எரிச்சலைத்தான் மறுநாள் காலை வாளிமேல் உட்கார்ந்து தியானமாகச் சொன்னார்.

"இடுப்பு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வயசானா வலிக்கும். கீழ்ப்படியணும்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்னு நீதானே மறுநாள் சொன்ன?"

பதினோரு பேரும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அக்கா, அது ஆண்டவர் சொன்னதில்ல. நான் சொன்னது. முதலாளி மேல இருந்த கோவத்துல சொன்னது."

கணக்கு டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப சர்க்கரை?"

"அது டாக்டர் எனக்குச் சொன்னது. நான் மட்டும் கஷ்டப்படணுமான்னு..."

"வீண்பேச்சு?"

"நீ சிநேகிதிகூட ரெண்டு மணி நேரம் பேசுவ. எனக்கு லைனே கிடைக்காது."

யாரோ ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னறைக்கு ஓடினார். அக்கா சிரிக்கவில்லை. நோட்டின் பக்கங்களைக் கட்டைவிரலால் சரசரவென்று ஓட்டினார். "இதுல எதுதான்டா ஆண்டவர் சொன்னது?"

"பாதி இருக்கும்க்கா."

"எந்தப் பாதி?"

அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னார். மூன்று வருஷத்தில் அவர் தயாரிக்காமல் சொன்ன முதல் வார்த்தை அது.

பிறகு சுமைக்காரரைக் கூப்பிட்டு, "கட்டில்மேல போடுப்பா" என்றார். உறையைத் தானே கிழித்தார்.

"எனக்கு வேணாம். நீ ஆசைப்பட்டது" என்றார் அக்கா.

"படுக்கா."

"இத்தனை பேர் முன்னாடியா?"

"கடையில ஊரே முன்னாடி நிக்க படுத்துப் பாக்குறாங்க. படு."

அக்கா வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி விறைப்பாகப் படுத்தார். அஞ்சரை குனிந்து இடுப்புக்கடியில் கையை நுழைத்தார். கொஞ்சம் தடுத்து வழிவிட்டது. "ஒருக்களிச்சுப் படு" என்றார். முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்தார். பிறகு வழக்கம்போல நகர்ந்து, ஜன்னல் திரையைச் சரிசெய்கிற மாதிரி நின்று எண்ணினார். அறுபதைத் தொடுவதற்குள் மெல்லிய குறட்டை கேட்டது. பெண்கள் கதவைச் சாத்தி, மீதி ஜெபத்தைக் கிசுகிசுத்தே முடித்தார்கள்.

வெறுங்கையோடு மேலே வந்தவரிடம் மனைவி, "என்னங்க, மெத்தை?" என்றாள். நடந்ததைச் சொன்னார். அவள் ஒன்றும் கேலி செய்யவில்லை. பழைய பஞ்சு மெத்தையைத் தட்டிப் போட்டு, "கொஞ்சம் படுங்க" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. ஏழாவது பூட்டு தயாராகத்தான் இருந்தது. வாளிமேல் உட்கார்ந்தார், வாயைத் திறந்தால் வரவில்லை. வெளியே முன்னறைக்கு வந்து, எதிரொலி இல்லாத சாதாரணக் குரலில் அரை நிமிடம் பேசினார். மெத்தை வாங்கியதையும், இத்தனை நாள் தன் கோபத்தையும் பத்தியத்தையும் ஆண்டவர் பெயரில் அனுப்பியதையும் சொன்னார். "யாராவது என் பேச்சைக் கேட்டு உடம்பைக் கெடுத்துக்கிட்டிருந்தா, தயவுசெஞ்சு எனக்குச் சொல்லுங்க" என்று முடித்தார்.

நான்கு பேர் குழுவைவிட்டு விலகினார்கள். ஒன்பது பேர் போன் செய்தார்கள். ஒரு வயசான சகோதரர், தியானம் கேட்டுச் செய்தித்தாளை நிறுத்தி ஒரு வருஷமாகிறது, மறுபடி வாங்கலாமா என்று கேட்டார். போதகர் கூப்பிட்டு அனுப்பினார். திட்டு விழும் என்று போனவரிடம், "தொண்டை சரியாயிடுச்சுன்னு நானும் சொல்லியிருக்கணும்" என்றார். தியானத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: அனுப்புவதற்கு முன் வீட்டில் ஒருவர் கேட்க வேண்டும்.

அந்த ஒருவர் மனைவி. மருந்துக் கடைப் பழக்கத்தில் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, "இது யாருக்கு?" என்பாள். 'எல்லாருக்கும்' என்று சொன்னால் விட மாட்டாள். "உங்களுக்கு இது ஒத்துக்கிச்சா? மொதல்ல நீங்க ஒரு வாரம் சாப்பிட்டுப் பாத்துட்டு அனுப்புங்க." அதனால் பல நாள் தியானமே வருவதில்லை. வருகிற நாளிலும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போவதில்லை. இன்னதை விடுங்கள் என்பது குறைந்து, இன்னதை விட முடியாமல் நான் தவிக்கிறேன் என்பது கூடிவிட்டது.

ஒருநாள், "இந்த வசனம் எனக்கே புரியல. நானும் வாசிக்கிறேன், நீங்களும் வாசிங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அதற்குத்தான் இதுவரை இல்லாத அளவுக்குப் பாராட்டு குவிந்தது. 'என்ன ஒரு தாழ்மை' என்று பலர் எழுதியிருந்தார்கள். காலை டீயை ஆறவைத்துவிட்டு அவர் அதை ஒவ்வொன்றாக, இரண்டாம் தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார்.

மனைவி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "தாழ்மை ரொம்ப இனிக்குதோ?" என்றாள்.

அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, அவள் குளிக்கப் போனதும், மறுபடி நிமிர்த்தினார்.